ஒரு பேச்சுக்கு

எங்கள் எதிர்வீட்டு மாமாவுக்கு யாராவது மறுத்துப் பேசினால்தான் முகம் மலரும். ஒப்புக்கொண்டால் வாடிவிடும். "என்னம்மா இது, உடனே சரீன்னுட்டா நான் மேற்கொண்டு என்ன பேசறது?" என்று நிஜமாகவே குறைப்பட்டுக்கொள்வார். எதைச் சொல்வதானாலும் "ஒரு பேச்சுக்கு வச்சுக்கோயேன்" என்றுதான் ஆரம்பிப்பார். ஒரு பேச்சுக்கு வச்சுக்கோயேன், வெங்காய விலை ஏறுவது நல்லதுதான். ஒரு பேச்சுக்கு வச்சுக்கோயேன், லிஃப்ட் இல்லாத பில்டிங்கில் இருப்பவர்களுக்குத்தான் ஆயுசு கெட்டி. நாம் வாயைத் திறந்து "அதெப்படி மாமா?" என்று கேட்டுவிட்டால் போதும், வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவார்.

செம்பூர் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் பழைய நாலு மாடிக் கட்டடம் எங்களுடையது. மாடிக்கு இரண்டு வீடு. எங்கள் கதவைத் திறந்தால் எதிரே அவர் கதவு. இரண்டுக்கும் மரக்கதவுக்கு முன்னால் இரும்பு கிரில் கதவு உண்டு. நடுவில் படிக்கட்டுத் தளம். கல்யாணமாகி நான் முலுண்டிலிருந்து இந்த வீட்டுக்கு வந்த புதிதில், பால் வாங்கக் கதவைத் திறந்தவளிடம் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஒரு பேச்சுக்கு வச்சுக்கோயேன், நீ இந்தப் பையனைக் கல்யாணம் பண்ணிண்டது தப்புன்னு. என்ன பதில் சொல்லுவே?" நான் அழுதுவிடுவேன் போல நின்றேன். உள்ளேயிருந்து மாமி வந்து, "அவர் சும்மா பேசறார்மா, மனசுல வச்சுக்காதே" என்று என்னைச் சமாதானப்படுத்தினார். பிறகு தாழ்ந்த குரலில், "எங்கிட்ட ஒரு வாதத்துலகூட அவர் தோத்தது கிடையாது. அதனால நான் பேசறதையே விட்டுட்டேன்" என்றார். அன்று அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

மாமா ஃபோர்ட் ஏரியாவில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருந்து ரிடையர் ஆனவர். இந்தப் பழக்கம் ஹார்பர் லைன் ரயிலில் வந்தது என்பார். தினமும் ஒரே பெட்டியில் ஏறும் நாலு சிநேகிதர்கள், காலையில் போகும்போது ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு கட்சி பிரிந்துகொள்வார்களாம். சாயந்திரம் திரும்பும்போது கட்சி மாறிவிட வேண்டும். காலையில் ஸ்டிரைக் நியாயம் என்று கத்தியவர் மாலையில் அநியாயம் என்று கத்த வேண்டும். "அப்பதான் மூளை துருப்பிடிக்காது. எந்தக் கட்சியும் நம்ம கட்சி இல்லே, புரியறதா?" என்பார். பக்கத்தில் நின்று வருகிறவர்கள் இவர்கள் நிஜமாகச் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்து விலக்கிவிட வருவார்களாம். அதைச் சொல்லும்போது அவர் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்.

நோய் வந்தது. ரயில் நின்றது. முலுண்ட் எங்கள் வீட்டிலிருந்து எத்தனை ஸ்டேஷன் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் என் அம்மாவால் வர முடியவில்லை. மகள் பிறந்து மூன்றாம் மாதம். கணவர் படுக்கையறையில் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க யாருடனோ இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் பேச ஆள் இல்லை. பால் பாக்கெட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவுவேன், கொத்தமல்லியைக் கழுவுவேன், கழுவிய கையை மறுபடி கழுவுவேன். கழுவியது போதுமா என்று யோசிப்பேன். குழந்தை தும்மினால் அன்று முழுக்க அதன் நெற்றியில்தான் என் கை இருக்கும்.

அந்த நாட்களில்தான் சாயந்திரம் ஐந்து மணிக்கு மாமா தன் கிரில் கதவுக்குப் பின்னால் பிரம்பு நாற்காலியைப் போட்டு உட்கார ஆரம்பித்தார். நான் என் கிரிலுக்குப் பின்னால் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் நாளே கட்சி பிரித்துவிட்டார்.

"நான் ஹெர்ட் இம்யூனிட்டி. நீ டெஸ்டிங். நாளைக்கு மாத்திக்கலாம்."

பெரும்பாலான ஜனங்களுக்கு வந்து போய்விட்டால், தொற்ற ஆளில்லாமல் கிருமி தானே அடங்கிவிடும் என்பது அவர் கட்சி. யாருக்கு இருக்கிறது என்று சோதித்துக் கண்டுபிடித்து, அவர்களை ஒதுக்கி வைத்துப் பார்த்துக்கொண்டால்தான் அடங்கும் என்பது என் கட்சி. நான் ஸ்டாடிஸ்டிக்ஸில் எம்.எஸ்சி. படித்தவள். படித்ததை எல்லாம் மறந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். மாமா பேசப் பேச ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

"காட்டுத்தீ ஒரு தடவை எரிஞ்ச இடத்துல மறுபடி எரியாது. அவ்வளவுதான் விஷயம்" என்பார்.

"எரியற இடத்துல யார் இருக்கா மாமா?"

"ஒரு பேச்சுக்குச் சொல்றேன். பத்துல ஏழு பேருக்கு வரட்டுமே. முக்கால்வாசிப் பேருக்கு ஜலதோஷம் மாதிரி போயிடும்."

"மிச்சப் பேருக்கு?"

"அதான் கேள்வி!" என்று தொடையில் தட்டுவார். "சரி, நீ டெஸ்ட் பண்ணித் தெரிஞ்சுண்டு என்ன கிழிக்கப்போறே? மருந்து இருக்கோ?"

"ஒதுங்கி இருக்கலாமே."

"எங்க ஒதுங்குவா? உனக்கும் எனக்கும் தனி ரூம் இருக்கு. தாராவியில ஒரு ரூம்ல ஏழு பேர் படுத்துக்கறா. ஒருத்தரை ஒதுக்கணும்னா சுவத்துல ஆணியடிச்சுத்தான் மாட்டணும்."

நானும் சிரித்தேன். அவர் சொன்ன விதம் அப்படி.

மறுநாள் அவர் டெஸ்டிங் கட்சிக்கு மாறி உட்கார்ந்திருந்தார். என்னால் மாற முடியவில்லை. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு, வரட்டும், வந்து போகட்டும் என்று என் வாயால் சொல்ல வரவில்லை. "சரி போ, நீ பச்சைப்பிள்ளைக்காரி. உனக்கு அதே கட்சி" என்று விட்டுக்கொடுத்தார். அந்த ஐந்து மணியை நான் எவ்வளவு எதிர்பார்த்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். மத்தியானமே மனசுக்குள் வாதங்களைத் தயார் செய்வேன். குழந்தையைத் தூங்க வைக்கும் தாலாட்டு வாயிலிருக்கும். மண்டைக்குள் மாமாவுக்கான பதில் ஓடும்.

மழைக்காலம் தொடங்கி, வீட்டு வேலைக்கு வருகிறவர்களை அனுமதிக்கலாமா என்ற பேச்சு வந்தபோது ஒரு நாள் செல்வி அக்கா வந்து நின்றார்.

செல்வி அக்கா மாட்டுங்கா லேபர் கேம்ப் குடிசைப் பகுதியில் இருப்பவர். ஊர் திருநெல்வேலிப் பக்கம், ஆனால் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். மாமா வீட்டில் பாத்திரம் தேய்ப்பார். எங்கள் வீட்டில் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவார். ஊரடங்கு வந்ததிலிருந்து வேலை இல்லை. கீழே வாட்ச்மேனிடம் ஏதோ சொல்லி மேலே ஏறி வந்துவிட்டார். வந்த நேரம் ஐந்து மணி. தளத்தில், எங்கள் இரண்டு கிரிலுக்கும் நடுவில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். மாமா அன்று நல்ல வேகத்தில் இருந்தார். அவரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு பத்தில் ஏழு பேர் வாதத்தை நிறுத்தாமல் தொடர்ந்தார்.

"இதோ, இவளையே எடுத்துக்கோ. இவா ஏரியாவில எல்லாருக்கும் வந்து போயிருக்கும். நம்மளைவிட இவ உடம்பு கெட்டி. இவ வர்றதுதான் நமக்கு சேஃப்டி."

"தெரியாம எப்படி மாமா சொல்றேள்? டெஸ்ட் பண்ணினாத்தானே தெரியும்?"

"டெஸ்ட்ல இன்னிக்கு இல்லேன்னு வரும். நாளைக்கு வந்தா?"

"அதுக்குத்தான் திரும்பத் திரும்பப் பண்ணணும்."

செல்வி அக்கா பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார்.

"ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டுச் சொல்லுங்க" என்றார். "பத்துல ஏழுன்னு ஸார் சொல்லுதாவளே, அதுல நான் எத்தனாவது ஆளு? வேல உண்டா இல்லையா? காலு கடுக்கு."

மாமா கைதட்டிச் சிரித்தார். "பாத்தியா, இவ மூணாவது கட்சி!" என்றார். அக்காவும் சிரித்தார். நான் மட்டும் குழந்தையின் சட்டையைச் சரி செய்வதுபோலக் குனிந்துகொண்டேன். அவர் நிற்பதை மறந்து பேசிவிட்டேன் என்று சொல்ல முடியாது. பார்த்துக்கொண்டேதான் பேசினேன்.

மாமாதான் எங்கள் கட்டடத்து சொசைட்டியின் செக்ரெட்டரி. அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டுக்காரர்களும் ஃபோனில் முகம் காட்டிக் கூட்டம் போட்டார்கள். மாமா இரண்டு கட்சியையும் எடுத்து வைத்தார். அவ்வளவு அழகாக நான் கேட்டதில்லை. கடைசியில், "எதிர்வீட்டுப் பொண்ணு சொல்றதுதான் சரி. என் கட்சி தோத்துது" என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டார். வெளியிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் மாதம் இருமுறை டெஸ்ட் ரிசல்ட் காட்ட வேண்டும். காட்டினால் வேலைக்கு வரலாம். ஒரு மனதாக நிறைவேறியது. அன்று எனக்குக் கர்வமாகக்கூட இருந்தது. கணவரிடம் சொன்னேன். அவர் காய்கறி வாங்கிவிட்டு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே நிற்கும்போதுதான், தினமும் சந்தைக்குப் போய்வரும் இவர் 'வெளியிலிருந்து வருகிறவர்' இல்லை என்பது எனக்கு உறைத்தது. அதை மாமாவிடம் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன்.

அக்கா போய் டெஸ்ட் எடுத்து, இல்லை என்று வந்ததைக் காட்டிவிட்டு வேலைக்கு வந்தார். குழந்தை அவரைப் பார்த்ததும் கையைக் காலை உதைத்துக்கொண்டு சிரித்தது. "அடி கள்ளி, என்னய மறக்கலியா?" என்று அவர் அதன் வயிற்றில் வாயை வைக்கப்போனவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். வேண்டாம் என்று என் முகம் சொல்லிவிட்டிருக்கிறது.

அந்த மாதம்தான் மாமாவின் அப்பாவுக்குத் திதி வந்தது. எந்த வருஷமும் விட்டதில்லை, இந்த வருஷமும் விட மாட்டேன் என்றார். மாட்டுங்காவிலிருந்து மந்திரம் சொல்லும் வாத்தியார் ஸ்கூட்டரில் வந்தார். கூடச் சாப்பிட இன்னும் இருவர். கீழே வாட்ச்மேன் வழக்கப்படி ரிசல்ட் கேட்டிருக்கிறான். மாமா மாடி ஜன்னலில் இருந்தே கத்தினார்: "அரே, யே பாஹர் கா ஆத்மி நஹீ ஹை! ஹமாரா வாத்தியார் ஹை!" வெளியாள் இல்லை, எங்கள் வாத்தியார். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டான்.

வாத்தியார் படியேறி வரும்போது மாஸ்க் மோவாயில் இருந்தது. நான் கிரிலுக்குப் பின்னால் நின்றிருந்தேன். மாமா என்னைப் பார்த்துவிட்டார். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கும் முகம் அது. சொல்லாததைப் பார்த்து அவரே ஆரம்பித்தார்.

"ஒரு பேச்சுக்கு வச்சுக்கோயேன், மாஸ்க்கைப் போட்டுண்டு மந்திரம் சொன்னா பித்ருக்கள் காதுல விழுமோ?"

வாத்தியார் சிரித்தார். நானும் சிரித்தேன். காலையிலேயே ஸ்நானம் செய்து மடி உடுத்தி வருகிறவரிடமிருந்து என்ன வந்துவிடப்போகிறது என்ற எண்ணம் எனக்குள்ளும் எங்கோ இருந்திருக்கிறது. கிருமியைப் பற்றி அத்தனை நாள் வாதாடிய எனக்குள். ஹோமப் புகையும் எள்ளும் நெய்யுமாக அந்த வீடு மத்தியானம் வரை மணத்தது. எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் செல்வி அக்காவை உள்ளே கூப்பிட்டார்கள். அதுவரை கீழே கேட்டுக்குப் பக்கத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தார். மோரி என்கிற கழுவுமிடத்தில் மலைபோலக் குவிந்திருந்த பாத்திரத்தைத் தேய்த்துவிட்டு என் வீட்டுக்கு வரும்போது அவர் கை வெளுத்து ஊறியிருந்தது.

"இன்னிக்கு நான் பாப்பாவத் தொடல பாப்பாம்மா. களைப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து எதிர்வீட்டில் தும்மல் கேட்டது. பிறகு இருமல். ஐந்து மணிக்கு நாற்காலி வரவில்லை. மாமி வந்து, "ஈர வேஷ்டியோட நின்னுண்டே இருந்தாரோன்னோ, ஜலதோஷம் பிடிச்சுண்டுடுத்து" என்றார். நான் "மிளகு ரசம் வச்சுக் குடுங்கோ மாமி" என்றேன். கிரிலுக்கு இந்தப் பக்கம் நின்று அதைத்தான் சொன்னேன். டெஸ்ட் என்ற சொல், எத்தனையோ சாயந்திரம் அதே இடத்தில் உட்கார்ந்து நான் உரக்கச் சொன்ன சொல், தொண்டைக்கு வரவே இல்லை. பெரியவரிடம் எப்படிக் கேட்பது? கேட்டால் என்ன நினைத்துக்கொள்வார்? ஒருவேளை இருந்துவிட்டால் கட்டடத்தையே சீல் வைப்பார்களே? நாலு நாளில் மாமா எழுந்து நடமாடினார். பார்த்தாயா, வெறும் ஜலதோஷம்தான் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த டெஸ்ட்டில் செல்வி அக்காவுக்கு இருக்கிறது என்று வந்துவிட்டது.

அவருக்குக் காய்ச்சல்கூட இல்லை. வண்டி வந்து ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்துக்குக் கூட்டிப்போனது. இரண்டு சின்னப் பிள்ளைகள் பக்கத்து வீட்டில். அவர் வீடிருக்கும் சந்து முழுவதையும் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். அவர் வீட்டுக்காரர் வேலை பார்த்த பட்டறைக்கு அந்தச் சந்திலிருந்து யாரும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். பள்ளிக்கூடத்திலிருந்து அக்கா எனக்கு ஃபோன் செய்தார்.

"உங்க கேட்டத் தொறக்கத்தான் டெஸ்ட்டு எடுத்தேன் பாப்பாம்மா. இப்ப எங்க சந்துக்குல்லா கேட்டு போட்டுட்டாங்க."

"அக்கா, பிள்ளைகள்..."

"இருக்குதுவ. சின்னவன் ராத்திரி அழுதானாம். என்ன செய்ய." பிறகு கேட்டார்: "பாப்பாவுக்கு ஒண்ணுமில்லல்ல?"

"இல்லக்கா" என்றேன். அந்த ஃபோன் வந்தவுடன் நான் முதலில் செய்தது குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்ததுதான். அவர் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டது அதற்குப் பிறகு.

அன்று சாயந்திரம் மாமா நாற்காலியைப் போட்டார். விஷயத்தைச் சொன்னேன். மழை பெய்வதை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று யாராலும் சொல்ல முடியாது. அக்கா பத்து இடத்துக்குப் போய் வருகிறவர்தான். சொல்ல முடியவேண்டும் என்பதற்காகத்தான் நான் டெஸ்டிங் கட்சியில் இருந்தேன்.

சில வாரம் கழித்து, குணமாகிவிட்டது என்று சொல்லி அக்காவை விட்டுவிட்டார்கள். அவர் எங்கள் கட்டடத்துக்கு வந்த அன்று நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது. படியேறும்போதே ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தது. மூன்றாம் மாடிக்காரி எங்கள் தளத்துக்கு இறங்கி வந்தாள். "அப் தோ ஏக்தம் சேஃப் ஹை நா!" இவளுக்கு வந்து போய்விட்டது, இனி இவளால் பயமில்லை, எங்கள் வீட்டுக்கும் வரட்டும் என்று இழுத்தாள். கீழ்வீட்டுக்காரர் தன் வீட்டில் சமையலுக்கும் இவரே வேண்டும் என்றார். டெஸ்ட்கூடக் காட்ட வேண்டாமாம். மாமா எந்த வாதத்தில் தோற்றதாகச் சொன்னாரோ அது அன்று அந்தப் படிக்கட்டில் ஜெயித்துக்கொண்டிருந்தது. அவர் தன் கிரிலுக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

செல்வி அக்கா தளத்தில், முன்பு நின்ற அதே இடத்தில் நின்றார்.

"எல்லார் வீட்டுக்கும் வாரேன்" என்றார். "ஆனா ஒண்ணு. எனக்கு வீட்டுல ரெண்டு சின்னப் பிள்ளைய இருக்கு. நான் உள்ள வரணும்னா வீட்டுக்காரங்க டெஸ்ட் எடுத்துக் காட்டணும். காட்டுத வீட்டுக்கு வாரேன்."

மூன்றாம் மாடிக்காரிக்குத் தமிழ் புரியாது. அக்கா அதையே ஹிந்தியில், இன்னும் நிதானமாகச் சொன்னார். கீழ்வீட்டுக்காரர், "என்ன திமிர் பாருங்கோ ஸார்! செக்ரெட்டரி நீங்களே கேளுங்கோ" என்று மாமாவைப் பார்த்தார். மூன்றாம் மாடிக்காரி ஏதோ முணுமுணுத்துக்கொண்டே படியேறிப் போனாள். எல்லாரும் போன பிறகும் அக்கா கொஞ்ச நேரம் நின்றார்.

"ஸார் ஒண்ணும் பேசலியே? எப்பவும் ரெண்டு பக்கமும் பேசுவீயளே" என்றார் மாமாவிடம்.

மாமா வாயைத் திறந்தார். "ஒரு பேச்..." என்று ஆரம்பித்து அதோடு நிறுத்திவிட்டார். அக்கா இறங்கிப் போய்விட்டார்.

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவே இல்லை. அதற்குப் பிறகு என் காதுபட அவர் அதைச் சொன்னதும் இல்லை. பின்னாளில் மாமி காலமானதும் அவர் மகன் அவரைச் சான்பாடாவுக்குக் கூட்டிப்போய்விட்டார். ஒருமுறை மகளோடு போய்ப் பார்த்தேன். வேண்டுமென்றே, "டிவிக்காரா சொல்றதெல்லாம் உண்மைதான் மாமா, இல்லியா?" என்று கேட்டுப் பார்த்தேன். முன்பென்றால் நாற்காலி நுனிக்கு வந்திருப்பார். "ஆமாம்மா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். மகள் அவர் தட்டிலிருந்து முறுக்கை எடுத்துக்கொண்டாள். அதற்கும் "எடுத்துக்கோ, எடுத்துக்கோ" என்றார். படியிறங்கும்போது, ஒரு வீட்டிலிருந்து எதையோ தூக்கிக்கொண்டு வந்துவிட்ட மாதிரி எனக்கு இருந்தது. அதற்கடுத்த வருஷம் அவரும் போய்விட்டார்.

செல்வி அக்கா இன்றும் வருகிறார். எங்கள் கட்டடத்தில் இரண்டு வீட்டுக்குத்தான் அவர் அப்போது திரும்பி வந்தார். மாமா வீடு ஒன்று. எங்கள் வீடு ஒன்று. மற்றவர்கள் வேறு ஆள் பிடித்துக்கொண்டார்கள். இப்போது என் மகளுக்குத் தலை பின்னிவிடுவது அவர்தான். இழுத்துப் பின்னுகிறார் என்று அவள் கத்துவாள்.

அன்று தளத்தில் அக்கா அப்படிச் சொல்லிவிட்டுப் போன பிறகு எங்கள் வீட்டில் நடந்தது பெரிய சண்டை ஒன்றும் இல்லை. "யோசிச்சுப் பார். உனக்குப் பாசிட்டிவ்னு வந்துடுத்துன்னா குழந்தையை யார் பாத்துக்கறது? தாய்ப்பால் குடிக்கறது" என்றார் கணவர். நியாயமான கேள்விதான். இரவெல்லாம் அதையே யோசித்தேன். அக்காவின் சின்னவன் அழுதது ஞாபகம் வந்தது. அந்தக் கேள்வியை நாங்கள் யாரும் அவருக்காகக் கேட்கவில்லை. காலையில் எதிர்வீட்டு கிரில் திறக்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். மாமா வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, மூக்குக்கு மேல் ஏற்றிக் கட்டிய மாஸ்க்கோடு, கையில் குடையுடன் நின்றிருந்தார். மாமி பின்னால் நின்று அவர் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டிருந்தார்.

"வர்றியாம்மா?" என்றார். அவ்வளவுதான். எங்கே என்று நான் கேட்கவில்லை. குழந்தைக்குப் பால் கொடுத்துக் கணவர் கையில் கொடுத்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

மைதானத்தில் டெஸ்ட்டுக்காகக் கூடாரம் போட்டிருந்தார்கள். மழையில் நீளமான வரிசை. டிரைவர்கள், வாட்ச்மேன்கள், வீட்டு வேலை செய்யும் பெண்கள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒருவர் குடையில் இருவராக நின்றார்கள். எங்களைப் பார்த்ததும் முன்னால் இருந்த பெண் ஒதுங்கி வழிவிட்டாள், முன்னால் போகச் சொல்லி. மாமா தலையை ஆட்டி மறுத்து, அவளுக்குப் பின்னாலேயே நின்றார்.

வரிசை நகரவில்லை. மாமா என்னைப் பார்க்காமல், குடையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"திதி முடிஞ்சு எனக்கு ஜலதோஷம் வந்துதே. நீ கேப்பேன்னு பயந்துண்டே உள்ள படுத்திருந்தேன். 'மாமா, டெஸ்ட் எடுத்துண்டேளா'ன்னு. கேட்டா பதில் இல்லே எங்கிட்ட. நீ ரசம் வைக்கச் சொன்னேன்னு மாமி வந்து சொன்னா. அப்பாடான்னு இருந்துது." வரிசை ஓர் அடி நகர்ந்ததும், "நான் முதல், செல்வி ரெண்டாவதா இருக்கலாம். இப்ப எடுக்கற டெஸ்ட்ல அது தெரியாது" என்றார்.

"கேக்கணும்னு நினைச்சேன் மாமா."

"தெரியும். கிரிலைப் பிடிச்சுண்டே நின்னேன்னு மாமி சொன்னா."

என் மார்பில் பால் கட்டிக்கொண்டு வலித்தது. வீட்டில் குழந்தை விழித்திருக்கும். திரும்பிப் போய்விடலாமா என்று ஒவ்வொரு அடிக்கும் தோன்றியது. முன்னால் இருந்த பெண்ணும் அடிக்கடி ஃபோனை எடுத்து யாரிடமோ, பிள்ளை சாப்பிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மேஜைக்குப் பின்னால் தலையிலிருந்து கால் வரை வெள்ளை உறை மாட்டிய ஒருவர் உட்கார்ந்திருந்தார். வரிசையில் வரும் எல்லாரையும் ஒரே கேள்விதான் கேட்டார். பெயர் வயதுக்கு முன்னால் அதைத்தான் கேட்டார். "கௌன்ஸா பில்டிங் நே பேஜா?" எந்தக் கட்டடம் உன்னை அனுப்பியது? ஒவ்வொருவரும் ஒரு கட்டடத்தின் பெயரைச் சொன்னார்கள். தானாக யாரும் அங்கே வந்திருக்கவில்லை. முன்னால் இருந்த பெண் சொன்னது எங்கள் தெருக்கோடியில் இருக்கும் கட்டடத்தின் பெயர். அங்கே எங்கள் சிநேகிதர்கள் இருக்கிறார்கள்.

மாமாவின் முறை வந்தது. மேஜைக்காரர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார், "கௌன்ஸா பில்டிங் நே பேஜா?"

மாமா குடையை மடக்கினார். எந்தக் கேள்விக்கும் எதிர்க்கேள்வி வைத்திருப்பவர். அன்று ஒரே ஒரு பதில்தான் வைத்திருந்தார்.

"பில்டிங் நே நஹீ பேஜா" என்றார், வரிசை முழுக்கக் கேட்கும்படி. "செல்வி நே பேஜா. ஹமாரே கர் மே பர்த்தன் மாஞ்ச்தீ ஹை." கட்டடம் அனுப்பவில்லை. செல்வி அனுப்பினாள். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள்.

மேஜைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். முன்னால் போன பெண்ணும் நின்று திரும்பிப் பார்த்தாள்.

அடுத்து என் முறை. என்னிடமும் அதே கேள்வி. நானும் அதையேதான் சொன்னேன். ஆனால் அவரைப் போல உரக்கச் சொல்ல வரவில்லை. அந்த மனிதர் "க்யா?" என்று மறுபடி கேட்டார். மறுபடியும் சொன்னேன்.